அக்கி வந்துவிட்டது

குழு: வடக்குத் தெரு சொந்தங்கள்

*சனிக்கிழமை*

யாழினி: [படம்]
அக்கி வந்துவிட்டது! ஒரு வருடமாகக் காத்திருந்தேன்.

விஜயா அத்தை: ஐயோ, யாருக்கு? முதுகிலா இடுப்பிலா?

யாழினி: கராஜில் அத்தை.

விஜயா அத்தை: கராஜிலா???

அப்பத்தா: லதா பிள்ளையை வெயிலில் விடாதே வேளாரைக் கூப்பிட்டுக் காவியால் எழுதினால் மூன்றே நாளில் இறங்கிவிடும் அந்த ஊரில் வேளாருக்கு எங்கே போவது

அருண்: அப்பத்தா மைக்கில் பேசி அனுப்புகிறார். முற்றுப்புள்ளியை எதிர்பார்க்காதீர்கள்.

லதா: அத்தை, நோய் எதுவும் இல்லை. நோயாக இருந்தால் சில வாரத்தில் போய்விடும். படத்தைத் திறந்து பாருங்கள்.

அப்பத்தா: பல்லியா

யாழினி: உடும்பு அப்பத்தா! குட்டி. இன்னும் ஒரு சாண்கூட இல்லை. வளர்ந்தாலும் வாலோடு சேர்த்து இரண்டேகால் அடிதான். அறிவியல் பெயர் வரானஸ் அக்காந்தூரஸ். முள்வால் என்று பொருள். அதைத்தான் இங்கே ஆஸ்திரேலியாவில் செல்லமாக அக்கி என்று சுருக்கிவிட்டார்கள். வடக்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறைக் காடுதான் இதன் ஊர்.

அப்பத்தா: பேர் வைக்க வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அவர்களுக்கு

பெரியப்பா: உடும்பை வீட்டிலா? செந்தில், உனக்குத் தெரிந்துதான் நடக்கிறதா?

செந்தில்: தெரியும் அண்ணா. மண் சுமந்தது நான்தான்.

பெரியப்பா: மண்ணா?

யாழினி: இது வளை தோண்டும் உயிர் பெரியப்பா. கண்ணாடித் தொட்டியில் ரெண்டு விரல் மணலைப் பரப்பி விட்டால் போதாது. 4 அடிக்கு 2 அடி பெட்டி, அதில் ஒரு அடி உயரத்துக்கு மண். வெறும் மணல் என்றால் வளை சரிந்துவிடும், அதனால் ஆற்று மணலும் தோட்ட மண்ணும் கலந்து, ஈரம் தெளித்து, மிதித்து இறுக்கினோம். மேலே பார்த்தால் பாலைவனம், உள்ளே ஈரம். அப்படித்தான் இருக்க வேண்டும். ஈரமே இல்லாத பெட்டியில் விட்டால் உள்ளுக்குள் காய்ந்து சிறுநீரகம் கெட்டுவிடும்.

செந்தில்: 300 கிலோவுக்கு மேல். என் ரூமில் வைக்கிறேன் என்றாள். மாடியில் அவள் ரூம். வேண்டாம் என்று கராஜுக்கு மாற்றினோம். முதுகு இன்னும் நிமிரவில்லை.

விஜயா அத்தை: உடும்பு பிடித்தால் விடாதாமே. குழந்தையின் கையைக் கவ்விக்கொண்டால்?

பெரியப்பா: "உடும்பு போனால் போகட்டும், கை வந்தால் போதும்" என்று சும்மாவா சொன்னார்கள்.

யாழினி: குழந்தைக்கு 19 வயது ஆகிறது அத்தை 🙂 பல் கூர்மைதான், ஆனால் இது கடிப்பதைவிட ஒளிவதில் கெட்டி. பயந்தால் பாறை இடுக்கில் புகுந்து உடம்பை உப்பிக்கொண்டு, முள்வாலால் வாசலை அடைத்துவிடும். இழுக்க முடியாது. உடும்புப் பிடி என்பதை இது உள்ளே இருந்துகொண்டு காட்டும். இன்னொன்று, பல்லி மாதிரி வாலைக் கழற்றிவிட்டு ஓடாது. உடும்புக்கு வால் போனால் போனதுதான். அதனால் வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது.

அருண்: யாழு, கொமோடோ டிராகனும் இதே வகைதானே?

யாழினி: ஆமாம் அண்ணா, வரானஸ் என்ற ஒரே பேரினம். அதில் 16 கிராம் எடைக்காரனும் உண்டு! 2014-இல்தான் அதைத் தனி இனம் என்று விவரித்தார்கள், அதுவும் ஆஸ்திரேலியாவில். நம்ம ஊர் உடும்பும் இதே குடும்பம்தான்.

பெரியப்பா: அரசாங்கம் விடுகிறதா?

யாழினி: உரிமம் எடுத்திருக்கிறேன். உள்நாட்டு ஊர்வன எதை வைத்திருந்தாலும் இந்த மாநிலத்தில் உரிமம் வேண்டும். காட்டில் பிடித்து வரக்கூடாது, வளர்ப்பவர் வீட்டில் பொரித்த குட்டியைத்தான் வாங்கலாம். வெளிநாட்டு இக்வானா போன்றவற்றை உரிமம் இருந்தாலும் நாங்கள் வீட்டில் வைத்திருக்க முடியாது.

*ஞாயிற்றுக்கிழமை*

விஜயா அத்தை: அது என்ன சாப்பிடுகிறது? பாலா?

லதா: அத்தனை நல்லதெல்லாம் இல்லை. கரப்பான் பூச்சி. டப்பாவில் போட்டு விற்கிறார்கள். என் மகள் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள்.

விஜயா அத்தை: காசு கொடுத்தா!!! எங்கள் வீட்டுக்கு வரச் சொல். இலவசமாகவே தருகிறேன்.

யாழினி: வீட்டுக் கரப்பான் வேண்டாம் அத்தை, எந்த மருந்தைத் தின்றதோ. இது உணவுக்காகவே வளர்ப்பது, இங்கே வூடி என்பார்கள். அப்புறம் சிள்வண்டு. கொடுப்பதற்கு முன் கால்சியம் பொடியில் போட்டு ஒரு குலுக்கு.

அருண்: பஜ்ஜிக்கு மாவு தோய்ப்பதுபோல.

லதா: டேய், நான் இனி பஜ்ஜி போடுவதா வேண்டாமா?

*புதன்கிழமை*

லதா: நான்கு நாளாக அது வெளியே வரவில்லை. தோண்டிப் பார்க்கலாம் என்றால் இவள் விடமாட்டேன் என்கிறாள். செத்துக் கிடந்தால் நாறாதா?

யாழினி: அம்மா, குழுவில் போடாதே என்றேனே.

பெரியப்பா: பொறு லதா. நம் கண்மாய்க்கரைப் புற்றில் உடும்பு இருந்தது. பனிக்காலத்தில் நாள் கணக்கில் தலை காட்டாது. வெயில் ஏறினால்தான் வெளியே வரும். அங்கே வெயில் போதுமா என்று பார்க்கச் சொல்.

யாழினி: விளக்கு எரிகிறது பெரியப்பா. 38 டிகிரி காட்டுகிறது.

பெரியப்பா: எங்கே காட்டுகிறது? கல்லிலா, காற்றிலா?

யாழினி: கண்ணாடியில் ஒட்டிய மீட்டரில்...

யாழினி: ஓ.

யாழினி: ஓஓஓ.

அருண்: என்ன ஆச்சு?

யாழினி: இருங்கள், பக்கத்து வீட்டு அங்கிளிடம் வெப்பம் பார்க்கும் துப்பாக்கி இருக்கிறது. வாங்கி வருகிறேன்.

(ஒரு மணி நேரம் கழித்து)

யாழினி: கல் வெறும் 42. இது ஏறி உட்காரும் இடம் 60-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தப்பு என்னுடையதுதான்.

அப்பத்தா: அறுபதா கருவாடு ஆகிவிடும் கண்ணு பாவம் வாயில்லா ஜீவன்

யாழினி: பெட்டி முழுக்க இல்லை அப்பத்தா, விளக்குக்கு நேர்கீழே ஒரே ஒரு கல் மட்டும். மறு ஓரம் 25தான். பாலைப் பாறை மதியத்தில் எப்படிக் கொதிக்கும், அதன்மேல் ஓடி வந்து சில நிமிடம் படுக்கும், உடம்பு 35, 36-க்கு வந்ததும் நிழலுக்கு ஓடிவிடும். எங்கே இருக்க வேண்டும் என்று அதற்கே தெரியும். நாம் இரண்டையும் வைத்துக் கொடுத்தால் போதும். சூடு போதவில்லை என்றால் தின்றது செரிக்காது, அதனால் தின்னவே வராது. இந்த நான்கு நாளும் நான் அதைக் குளிர்காலத்தில் வைத்திருந்திருக்கிறேன்.

செந்தில்: விளக்கை இறக்க வேண்டாம், சூடு பட்டுவிடும். கல்லை உயர்த்துகிறேன். பழைய ஓடு இருக்கிறது.

லதா: கரண்ட் பில்லைப் பற்றி யாராவது பேசுவீர்களா?

*வியாழக்கிழமை*

செந்தில்: [படம்]
ஓடுகளை இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறேன். மேல் ஓட்டில் 61 காட்டுகிறது. கீழே போகப்போகச் சூடு குறைகிறது. புகுந்துகொள்ள ஒவ்வொரு தட்டிலும் இடுக்கு.

பெரியப்பா: அபார்ட்மெண்ட் கட்டிவிட்டாய் தம்பி.

அருண்: யாழு, ஒரு கேள்வி. இன்ஸ்டாகிராமில் ஒருவர் இதே மாதிரி குட்டி விற்கிறார். மதுரைக்கே அனுப்புவாராம். வாங்கலாமா?

யாழினி: வேண்டாம் அண்ணா. ஆஸ்திரேலியா தன் காட்டு உயிர்களை உயிரோடு வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. உலகத்தில் உள்ள எல்லா உடும்பும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. எந்தத் தாளும் இல்லாமல் ஒருவர் கூரியரில் அனுப்புகிறார் என்றால் ஏதோ சரியில்லை. நம்ம ஊர் உடும்புக் குட்டியையே வேறு பெயர் சொல்லித் தலையில் கட்டலாம்.

பெரியப்பா: அருண், கேட்டுக்கொள். நம் உடும்பு 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணை. புலி இருக்கும் அதே பட்டியல். ராஜஸ்தான் பாலைவன உடும்பும் அதில்தான். மூன்று முதல் ஏழு வருடம் ஜெயில், அபராதம் 25,000-க்குக் குறையாது. பிராஜெக்ட் வைவாவை ஜெயிலில் கொடுப்பாயா?

அருண்: சும்மாதான் கேட்டேன் அப்பா.

பெரியப்பா: நீ சும்மா கேட்டுத்தான் அந்தப் பைக் வந்தது.

பெரியப்பா: யாழினி, இன்னொரு விஷயம். உன் தாத்தா வாசித்த கஞ்சிரா உடும்புத் தோல்தான். அந்தக் காலத்தில் எல்லாமே அப்படி. கச்சேரிக்கு முன்னால் உள்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் தடவுவார், தோல் இளகிச் சுருதி இறங்கும். நடுவில் காய்ந்து ஏறிவிட்டால் மறுபடி தண்ணீர். அது கிழிந்து வருடக்கணக்காகிறது. இப்போது என்னிடம் இருப்பது ஆட்டுத்தோல். ஈரம் ஈரம் என்று நீ எழுதியதும் அந்தத் தண்ணீர்க் கிண்ணம்தான் கண்ணில் வந்தது.

யாழினி: இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை பெரியப்பா!

பெரியப்பா: நீ உடும்பு வாங்குவாய் என்று யார் கண்டார்கள்.

*சனிக்கிழமை*

லதா: வந்துவிட்டது!!!

லதா: [படம்]
மேல் ஓட்டில் தட்டையாகப் படுத்திருக்கிறது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி. நான்தான் முதலில் பார்த்தேன்.

யாழினி: அம்மா கிட்டே போகாதே, நான் வகுப்பில் இருக்கிறேன்! எத்தனை நிமிடமாக?

லதா: ஐந்து நிமிடம் இருக்கும். பாம்பு மாதிரி இரட்டை நாக்கை நீட்டி நீட்டி என்னைப் பார்க்கிறது. கண் அழகாகத்தான் இருக்கிறது.

செந்தில்: இதை யார் எழுதுவது? லதாவின் போனை யாராவது திருடிவிட்டார்களா?

யாழினி: கையில் எடுக்காதே அம்மா. சில மாதம் ஆகும் அதற்குப் பழக. சில உடும்பு கடைசிவரை தூக்க விடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவு, ஊர்வன மேல் சால்மோனெல்லா இருக்கும்.

லதா: யார் தொடுகிறார்கள். இடுக்கியால் ஒரு சிள்வண்டு நீட்டினேன். ஓடிவந்து பறித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாவதையும் தின்றது.

அப்பத்தா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் செம்மண் நிறத்தில் புள்ளி புள்ளியாக அழகாக இருக்கிறது வேளார் எழுதின காவி மாதிரியே இருக்கிறது அதற்குக் காவி என்று பேர் வையுங்கள் அந்த நோய்ப் பேர் வேண்டாம்

அருண்: காவி! பாஸ்.

யாழினி: காவிதான். உரிமப் பதிவிலும் அதையே குறித்துக்கொள்கிறேன் அப்பத்தா ❤️

விஜயா அத்தை: எத்தனை வருடம் இருக்கும் இது?

யாழினி: நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம், அதற்கு மேலும் இருக்கும்.

விஜயா அத்தை: அப்போ கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது இதையும் சொல்ல வேண்டுமே.

யாழினி: முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும் அத்தை. 300 கிலோ மண்ணோடு வருகிறேன் என்று.

லதா: யாழினி, ஒரு சந்தேகம். அந்த வூடி கண்ணாடியில் ஏறுமா?

யாழினி: நன்றாக ஏறும். ஏன் அம்மா? டப்பா மூடியை அழுத்தி மூடினாய்தானே?

லதா: சமையலறைச் சுவரில் ஒன்று நிற்கிறது.

யாழினி: அடிக்காதே! ஒரு கிளாஸால் மூடி வை. வந்து காவிக்குக் கொடுக்கிறேன்.

லதா: அடித்துவிட்டேன்.