பத்தாவது முடித்த மகளுக்குக் கல்வெட்டு மேல் ஆசை, எந்த குரூப் சேர்ப்பது?

வைகைக்கரை_அப்பா:

வணக்கம். என் மகள் இந்த வருடம் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தாள், 500க்கு 458. திங்கட்கிழமை பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போக வேண்டும், வீட்டில் நாலு நாளாக இதே பேச்சுதான். அவளுக்குப் பிடித்தது வரலாறு. எட்டாவது படிக்கும்போது பள்ளியிலிருந்து ஒரு கல்வெட்டுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள், அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் நோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் சிவன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாள். கருவறைக்கு வெளிச்சுவரில் அடிப்பகுதி நெடுக எழுத்து ஓடுகிறது. 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கும் ஒரு வரியை எனக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதியிருக்கிறார்களாம், ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்குமாம், அதனால் சொல்லை யோசித்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டுமாம். நாற்பத்தைந்து வருடமாக அந்தச் சுவரைச் சுற்றி வருகிறேன், ஒரு எழுத்து எனக்குத் தெரியாது.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அவள் படித்த பள்ளியில் பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் மட்டும்தான் இருக்கிறது. வரலாறு குரூப் வேண்டுமென்றால் 14 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். என் மச்சினன், "இவ்வளவு மார்க் வாங்கிவிட்டு யாராவது ஆர்ட்ஸ் குரூப் எடுப்பார்களா மாமா" என்று தினமும் போன் செய்கிறான். நான் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறேன், பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, யார் சொல்வது சரி என்று எடை போட எனக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்:

ஐயா, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்துகள். இருபத்திரண்டு வருடமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கிறேன், ஜூன் மாதம் வந்தால் இந்தக் கேள்வியோடு வராத பெற்றோர் இல்லை. எந்த குரூப் எதைக் கொடுக்கும் என்று பார்ப்பதைவிட எதை அடைத்துவிடும் என்று பாருங்கள். பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியல் கலந்தாய்வுக்குள் நுழைய முடியாது. அங்கே கட்-ஆஃப் 200, கணக்குக்கு 100, மற்ற இரண்டுக்கும் தலா 50. உயிரியல் இல்லாமல் மருத்துவம் கிடையாது, கால்நடை மருத்துவம் கிடையாது. (கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்தான், இது பலருக்குத் தெரிவதில்லை.) புள்ளியியல் படிக்கக் கணக்கு வேண்டும். ஆனால் பி.ஏ. வரலாற்றுக்கு எங்கள் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் எந்த குரூப் படித்தவர்களையும் எடுக்கிறார்கள். சட்டமும் அப்படித்தான், டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்கு குரூப் பார்ப்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கிறார்கள். அதாவது பயோ-மேத்ஸ் எடுத்தால் வரலாற்றுக்கு வழி அடைபடாது, வரலாறு குரூப் எடுத்தால் பொறியியலும் மருத்துவமும் அடைபடும். கணக்கில் அவள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி.

இன்னொன்று, இன்றைக்கே செய்யுங்கள். பிளஸ் ஒன் பாடப்புத்தகங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணக்கு, இயற்பியல், உயிரியல், வரலாறு, பொருளியல், ஐந்திலும் முதல் பாடத்தைப் போனில் இறக்கி அவள் கையில் கொடுங்கள். எதைக் கேட்காமலே இரண்டாவது பாடத்துக்குப் போகிறாள் என்று பாருங்கள்.

வரைபடக்காரன்:

வாத்தியார் சார் சொன்னதில் எனக்கு முழு சம்மதம் இல்லை. வழி அடைபடாது என்ற அதே பேச்சை நம்பித்தான் என்னை பயோ-மேத்ஸில் போட்டார்கள். எனக்குப் பிடித்தது புவியியல். இரண்டு வருடம் காலை ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், சாயங்காலம் ஒரு டியூஷன், இயற்பியலில் பிளஸ் டூவில் தோற்றேன், ஒரு வருடம் போச்சு. அதைவிடப் பெரிய நஷ்டம், நான் மக்கு என்று நானே நம்பிவிட்டேன். அந்த நினைப்பு போக டிகிரி மூன்றாம் வருடம் வரை ஆனது. பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் இரண்டு வருடம் என்பது பெரியவர்களின் இரண்டு வருடம் போல இல்லை, தயவுசெய்து அதையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம் பி.எஸ்சி. புவியியல் சேர்ந்தேன், இப்போது செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஏரி, கண்மாய்களின் எல்லையைக் குறிக்கும் வேலை. ஒரு கண்மாயின் பழைய கரை இன்றைக்கு வீடுகளுக்கு அடியில் எங்கே ஓடுகிறது என்று படத்தில் கண்டுபிடித்து, நேரில் போய் நிற்கும்போது தெருவே அந்த வளைவில் வளைந்திருக்கும். நில அளவை ஒன்றும் சின்னப் படிப்பு இல்லை, கிண்டி பொறியியல் கல்லூரியே 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான். 14 கிலோமீட்டர் பஸ் தூரம் பெரிய விஷயமில்லை, நான் 20 போனேன்.

பிச்சாவரம்_அக்கா:

நான் கணக்கு வேண்டாம் என்று பியூர் சயின்ஸ் எடுத்தவள், தாவரவியல் விலங்கியல். பி.எஸ்சி. விலங்கியல் முடித்து, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. படித்தேன். விடியற்காலையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் படகிலிருந்து சன்னமான வலையை இழுத்து, அதில் மாட்டும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். எண்ணுவதுவரை சந்தோஷமாக இருந்தது. எண்ணிய பிறகு வந்தது புள்ளியியல், அங்கே நான் அழுதேன், பிளஸ் ஒன்னில் விட்ட கணக்கை இருபத்தியொரு வயதில் உட்கார்ந்து படித்தேன். அண்ணா, அவளுக்குக் கணக்கு வெறுப்பு இல்லையென்றால் அதை மட்டும் விட வேண்டாம் என்று சொல்லுங்கள், எந்தத் துறைக்குப் போனாலும் ஏதாவது ஓர் இடத்தில் அது வந்து நிற்கிறது.

கல்லெழுத்து:

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஓடி வந்தேன். நான் கல்வெட்டுத் துறையில் இருக்கிறேன். புள்ளி இல்லாத எழுத்தைச் சொல்லை வைத்து ஊகிக்க வேண்டும் என்று பத்தாவது படிக்கும் பிள்ளை தானாகச் சொல்கிறது என்றால், ஐயா, எங்களில் பலருக்கு அது முதுகலையில்தான் வந்தது.

பாதையைச் சொல்கிறேன். இளங்கலை எதுவாகவும் இருக்கலாம், வரலாறோ தமிழோ எடுத்தால் வசதி. முதுகலையில் தொல்லியலோ கல்வெட்டியலோ. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1981இல் தொடங்கியது, அங்கே கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் தனித் துறை, ஓலைச்சுவடிக்குத் தனித் துறை, கடல்சார் தொல்லியலுக்குக்கூட ஒரு துறை உண்டு. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. மத்திய அரசின் கல்வெட்டுப் பிரிவுக்கு மைசூரில் தலைமையகம்.

குரூப் விஷயத்தில் நான் வாத்தியார் சார் பக்கம், ஆனால் காரணம் வேறு. இன்றைய தொல்லியலில் பாதி வேலை ஆய்வகத்தில் நடக்கிறது. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு கி.மு. 580 என்று 2019இல் அறிவித்தார்களே, அந்த எண்ணைக் கொடுத்தது இயற்பியல். பானைக்குள் ஒட்டியிருந்தது என்ன தானியம் என்று சொல்வது தாவரவியல், எலும்பு மாட்டுடையதா மானுடையதா என்று சொல்வது விலங்கியல். எங்கள் குழிகளில் அறிவியல் படித்துவிட்டு வந்தவர்களுக்கு எப்போதும் வேலை இருக்கிறது. அதே சமயம் வரைபடக்காரன் தம்பி எழுதியதைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. அவளுக்கு இயற்பியலும் கணக்கும் சுமை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், தமிழும் வரலாறும் மட்டும் படித்து வந்த மிகச் சிறந்த கல்வெட்டு அறிஞர்கள் எத்தனையோ பேர்.

மைப்படி எடுப்பதை அவள் பார்த்திருக்கிறாளா? கல்லைத் தேய்த்துக் கழுவி, தாளை நனைத்து ஒட்டி, தூரிகையால் தட்டத் தட்ட எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும். அப்புறம் மை தொட்ட பஞ்சால் ஒற்றினால் மேடெல்லாம் கறுக்கும், எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். முதல் தாளை உரிக்கும்போது என் கை நடுங்கியது, இப்போதும் மறக்கவில்லை.

ஆம்பூர்_மருமகள்:

கல்வெட்டு பற்றி எனக்குத் தெரியாது, அந்த மச்சினருக்காக எழுதுகிறேன். நான் தோல் தொழில்நுட்பம் படித்தவள், பி.டெக். சேரும்போது எங்கள் வீட்டிலும் தோல் ஒரு படிப்பா என்றுதான் கேட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் இருக்கிறது, பக்கத்திலேயே அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய தோல் என்ன நிறத்தில் வரும், குரோமியம் உப்பில் போட்டால் ஏன் நீலமாக வருகிறது, அந்தக் கழிவுநீரை ஆற்றில் விடாமல் என்ன செய்வது, இதையெல்லாம் நான்கு வருடம் படித்தேன். கடைசியில் சொன்னேனே, அந்தக் கழிவுநீர்தான் இப்போது என் வேலை. பாலாற்றங்கரையில் பிறந்தவளுக்கு இதைவிடப் பக்கத்தில் ஒரு பாடம் கிடைக்குமா? ஊரில் ஐந்து பாடம்தான் பேசுகிறார்கள், வெளியே ஐந்நூறு இருக்கிறது அண்ணா.

வைகைக்கரை_அப்பா:

எல்லாருக்கும் நன்றி, ராத்திரி முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். வாத்தியார் ஐயா சொன்னபடி ஐந்து பாடத்தையும் இறக்கிக் கொடுத்தேன். வரலாற்றில் மூன்று பாடம் முடித்துவிட்டாள், ஆச்சரியம் என்னவென்றால் உயிரியலிலும் இரண்டாவதுக்குப் போனாள். கணக்கில் 91, பிடிக்கும் என்றும் இல்லை, பயம் என்றும் இல்லை. கரித்துண்டு விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பயோ-மேத்ஸே படிக்கிறேன் அப்பா, ஆனால் ஞாயிற்றுக்கிழமை டியூஷன் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பாரமாக இருக்கிறது என்றால் ஒரு மாதத்துக்குள் சொல்லிவிடு, மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

கல்லெழுத்து ஐயாவிடம் அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். மூன்றாவது வரியில் எழுத்து தேய்ந்திருக்கிறது, கோலமாவு தடவினால் தெரியும் என்று கோயிலில் ஒருவர் சொன்னாராம், தடவலாமா?

கல்லெழுத்து:

மாவு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சுண்ணாம்பு வேண்டாம், எதையும் தடவக் கூடாது, கல் கெட்டுவிடும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில், காலை ஏழு மணிக்கோ சாயங்காலம் ஐந்து மணிக்கோ போகச் சொல்லுங்கள், நிழல் எழுத்துக்குள் விழுந்து தானாகத் தெரியும். சுவர் நிழல் பக்கம் என்றால் இருட்டியபின் நீங்கள் கூடப் போய், டார்ச்சைச் சுவரோடு ஒட்டி ஒரு பக்கமாகப் பிடித்துக் காட்டுங்கள், அவள் எழுதிக்கொள்ளட்டும். ஊர்ப் பெயரையும் கோயில் பெயரையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, அந்தச் சுவரை யாராவது ஏற்கெனவே படித்து அச்சிட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கிறேன். ஆனால் கிடைத்தாலும் அவள் தன் மூன்றாவது வரியை எழுதி முடிக்கும்வரை காட்ட மாட்டேன்.