ஃபுல்பிரைட்-நேரு நல்கைக்காகப் பேராசிரியர்களுக்கு மெயில் போட்டால் பதிலே வருவதில்லை

காசிமேட்டுக்காரி:
எண்ணூர்க் கழிமுகச் சேற்றில் கலந்திருக்கும் சாம்பலைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. இங்கே முனைவர் பட்டம் செய்பவர்களைக் கொஞ்ச காலம் அமெரிக்காவில் ஆய்வு செய்ய அனுப்பும் ஃபுல்பிரைட்-நேரு ஆய்வு நல்கைக்காக, ஆய்வகத்தில் இடம் கேட்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆறு பேருக்கு மெயில் போட்டேன். ஒருவரும் மூச்சு விடவில்லை. என்ன தப்பு?

தண்டையார்பேட்டை அண்ணன்:
ஆறு பேருக்கும் ஒரே மெயிலா, தங்கச்சி? நானும் அப்படித்தான் ஒரு வருஷத்தைத் தொலைத்தேன். மெயில் போடும் பேராசிரியருடைய ஒரு கட்டுரையையாவது படி. உன் சேற்று மாதிரியை அவர் ஆய்வகத்தில் எந்தக் கருவியில் பார்க்க வேண்டும், ஏன் என்று நாலே வரி எழுது.

ராயபுரம் அக்கா:
இந்த நல்கை 6 முதல் 9 மாதம்தான், ஜே-1 என்கிற பரிமாற்ற விசாவில் போவாய். அப்புறம் ஊரில் 2 வருஷம் இருந்தால்தான் அங்கே எச்-1பி வேலை விசா, நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டு எல்லாம். வீட்டில் இப்போதே சொல்லிவிடு.

காசிமேட்டுக்காரி:
ஒரே மெயில்தான் அண்ணா. ஒருவருக்குப் பெயரைக்கூட மாற்றவில்லை!