போட்டோஸ் லைப்ரரியிலிருந்து ரிசால்வுக்கு: நேற்று இருந்த கிளிப் இன்று ‘மீடியா ஆஃப்லைன்’

மாம்பலம்_மாடி:

வணக்கம். அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு 12 நிமிட வீடியோ ஒன்று. மண்டபத்து எல்இடி வாலில் (சுவர் அளவு திரை) ஓடணும். மேக்புக் ஏர் எம்1, 8 ஜிபி ராம், 256 ஜிபி டிஸ்க். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ், இலவசப் பதிப்பு.

படங்கள் எல்லாம் மேக்கின் போட்டோஸ் ஆப்பில், ஐகிளவுடில் மொத்தம் 180 ஜிபி. ‘ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்’ ஆனில் இருக்கு. இதிலிருந்து 300 போட்டோ, 90 வீடியோ வேணும். லைப்ரரியை ரைட் கிளிக் பண்ணி, ‘ஷோ பேக்கேஜ் கன்டென்ட்ஸ்’ வழியா ‘ஒரிஜினல்ஸ்’ ஃபோல்டரைத் திறந்து, அங்கிருந்தே ரிசால்வுக்குள் இழுத்துப் போட்டாச்சு. ஃபைல் பேரெல்லாம் ஏதோ நீள நீளமான எண்ணும் எழுத்துமா இருக்கு, எது எந்தப் படம் என்றே தெரியலை. பாதிப் படம் அங்கே இல்லவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த கிளிப்களிலும் சிலது ரெண்டு நாளில் சிவப்பா ‘மீடியா ஆஃப்லைன்’ காட்டுது. யாரும் எதையும் டிலீட் பண்ணலை. இதுக்குச் சரியான வழி என்ன?

கட்_பேஸ்ட்_கோடம்பாக்கம்:

டிலீட் பண்ணினது மேக்தான்.

‘ஆப்டிமைஸ்’ ஆனில் இருந்தால் ஒரிஜினல் ஐகிளவுடில் இருக்கும், மேக்கில் சின்ன நகல் மட்டும் நிற்கும். நீங்கள் பார்த்துத் திறந்த சில ஒரிஜினல்கள் டிஸ்கில் தங்கியிருக்கும், ஆனால் இடம் குறைந்தால் அவற்றையும் கேட்காமல் அப்புறப்படுத்தும். 256 ஜிபி டிஸ்கில் ரிசால்வ் எழுதுகிற ரெண்டர் கேஷ் (தற்காலிக ஃபைல்கள்) வேறு. கேஷ் பெருகப் பெருக இடம் குறையும், போட்டோஸ் ஒரிஜினலைத் தூக்கும், ரிசால்வ் அதைத் தேடி ஆஃப்லைன் என்று சொல்லும். எடிட்டிங் சாஃப்ட்வேர் தன் ஃபைலைத் தானே துரத்தி விட்ட கதை.

பேர் விஷயம்: போட்டோஸ் உள்ளே ஃபைல்களுக்குத் தன் சொந்த அடையாள எண்ணைத்தான் வைக்கும். ஐஎம்ஜி_0412 என்கிற பழைய பேர் அதன் டேட்டாபேஸில் இருக்கு, டிஸ்கில் இல்லை. அந்த ஃபோல்டருக்குள் யாரும் கை வைக்கக் கூடாது. ஒரு ஃபைலை நகர்த்தினாலும் பேரை மாற்றினாலும் லைப்ரரி குழம்பிப் போகும்.

வழி ஒன்றுதான். தேவையானதை எக்ஸ்போர்ட் பண்ணி, சாதாரண ஃபோல்டரில் வைத்து, ரிசால்வுக்கு அந்த ஃபோல்டரை மட்டும் காட்டுங்க.

முதலில் போட்டோஸில் புது ஆல்பம் போட்டு 390-ஐயும் அதில் சேருங்க. ஆல்பத்தின் மேலே ஃபில்டர் இருக்கும், அதில் வீடியோ மட்டும் தெரிகிற மாதிரி வைத்து எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் ‘எக்ஸ்போர்ட் அன்மாடிஃபைடு ஒரிஜினல்’. ஃபைல் நேமுக்கு ‘யூஸ் ஃபைல் நேம்’, சப்ஃபோல்டர் ‘நன்’. வீடியோவுக்குச் சாதாரண எக்ஸ்போர்ட் வேண்டவே வேண்டாம். அது 4கே, 1080 என்று கேட்டு மறுபடி என்கோட் பண்ணும். ஸ்லோமோ கிளிப்பில் இன்னும் மோசம்: 240 எஃப்பிஎஸ்-இல் (நொடிக்கு 240 ஃப்ரேம்) எடுத்தது, போனில் பார்க்கிற அந்த மெதுவான பகுதியோடு அப்படியே உறைந்து வரும். ஒரிஜினலாக எடுத்தால் 240 ஃப்ரேமும் கையில் இருக்கும். ரிசால்வில் ‘கிளிப் ஆட்ரிபியூட்ஸ்’ போய் 30 என்று மாற்றினால் எட்டில் ஒரு பங்கு வேகம்.

போட்டோவுக்கு நேர் எதிர். அதற்குச் சாதாரண எக்ஸ்போர்ட்தான் சரி: ஜேபெக், குவாலிட்டி ‘மேக்சிமம்’, கலர் ப்ரொஃபைல் எஸ்ஆர்ஜிபி, சைஸ் ‘ஃபுல் சைஸ்’. காரணம் ரெண்டு. அன்மாடிஃபைடு எடுத்தால் நீங்கள் செய்த கிராப், வெளிச்சத் திருத்தம் எதுவும் வராது. லைவ் போட்டோ ஒவ்வொன்றுக்கும் எச்இஐசி படம் ஒன்று, 3 நொடி வீடியோ ஒன்று என்று ஜோடியாக விழும். 300 போட்டோவில் 200 லைவ் என்றால் ஃபோல்டரில் 200 குட்டி வீடியோ எதற்கு?

இதற்காக ‘டவுன்லோடு ஒரிஜினல்ஸ்’ ஆன் பண்ணாதீங்க. 180 ஜிபி உங்கள் டிஸ்கில் கொள்ளாது. எக்ஸ்போர்ட் பண்ணும்போது தேவையான ஒரிஜினலை மட்டும் அதுவே ஐகிளவுடிலிருந்து இறக்கிக்கொள்ளும். 90 வீடியோவையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் 30, 30-ஆகக் கொடுங்க. நடுவில் நெட் போனால் சிலது விட்டுப்போகும். முடிந்ததும் ஆல்பத்து எண்ணிக்கையையும் ஃபோல்டர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ரிசால்வைத் திறக்கணும்.

ரிச்சி_தெரு:

மேலே சொன்னது சரி, ஆனால் அந்த ஃபோல்டரை 256 ஜிபி டிஸ்கில் வைத்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். வெளியே எஸ்எஸ்டி வாங்குங்க. 1 டிபி, பெட்டியில் 10 ஜிபிபிஎஸ் என்று போட்டிருந்தால் எம்1-க்குப் போதும்.

கடைக்காரர் சொல்லாத விஷயம் கேபிள். மேக்புக்கோடு வந்த வெள்ளை சார்ஜிங் கேபிளில் எஸ்எஸ்டி-யை மாட்டினால் வேலை செய்யும், யூஎஸ்பி 2 வேகத்தில். நொடிக்கு 40 எம்பி தாண்டாது. ‘எஸ்எஸ்டி ஸ்லோ’ என்று வருகிற புகாரில் கேபிளைப் பார்த்தாலே பாதி தீர்ந்துவிடும். எஸ்எஸ்டி பெட்டிக்குள் இருக்கிற குட்டைக் கேபிளையே போடுங்க.

ஃபார்மட்: டிஸ்க் யுடிலிட்டியில் ஏபிஎஃப்எஸ். விண்டோஸுக்கும் கொண்டுபோகணும் என்றால் மட்டும் எக்ஸ்ஃபாட். என்டிஎஃப்எஸ்-இல் இருந்தால் மேக் படிக்கும், எழுதாது. ரிசால்வில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ், கீழே ‘வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்’. அங்கே கேஷ் இடத்தையும் எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்க.

மாம்பலம்_மாடி:

ரொம்ப நன்றி. எக்ஸ்போர்ட் ஆச்சு, எண்ணிக்கையும் சரி. இப்போ புதுசா: 300 போட்டோ உள்ள ஃபோல்டர் ரிசால்வில் முப்பது நாற்பது கிளிப்பாகத்தான் தெரியுது. ஒன்றைப் போட்டால் படங்கள் மின்னல் மாதிரி ஓடுது. ஐபோன் வீடியோவில் அம்மாவின் அரக்குப் பட்டு வெளிறிப்போய் செங்கல் கலரில் இருக்கு, போட்டோஸில் பார்த்தால் சரியா இருக்கு. அப்புறம் நிச்சயதார்த்தத்துக்கு வந்த போட்டோகிராபர் கொடுத்த 12 கிளிப் 25 எஃப்பிஎஸ், போனில் எடுத்தது 30. டைம்லைனை எதில் வைக்கணும்?

பழையகேசட்:

போட்டோ: 0411, 0412, 0413 என்று எண் தொடர்ந்து வந்தால் ரிசால்வ் அதை அனிமேஷன் ஃப்ரேம்கள் என்று எடுத்துக்கொண்டு ஒரே கிளிப்பாகக் கோத்துவிடும். மீடியா பேஜில் மேலே மீடியா ஸ்டோரேஜ் பகுதியின் மூன்று புள்ளி மெனுவில் ‘ஃப்ரேம் டிஸ்ப்ளே மோட்’ இருக்கும், ‘இன்டிவிஜுவல்’ என்று மாற்றுங்க. அப்படிக் கோத்து உள்ளே வந்த கிளிப்களை மீடியா பூலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இழுக்கணும்.

புடவை: ஐபோன் 12 முதல் வீடியோ எச்டிஆர்-இல்தான் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகப் பிடிக்கிற வகை) பதிவாகும், நீங்கள் கேமரா செட்டிங்கில் அணைத்திருந்தால் ஒழிய. எச்எல்ஜி வளைவு, ரெக் 2020 நிறப்பரப்பு, 10 பிட். அதை ரெக் 709 (சாதாரணத் திரைக்கான நிறம்) டைம்லைனில் மாற்றாமல் போட்டால் முதலில் அடி வாங்குவது அடர்ந்த சிவப்புகள்தான். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை, மூன்றும் காலி. கலர் வீலைத் திருகிச் சரிசெய்யப் பார்க்காதீங்க, முகம் சிவந்து போகும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட், ‘டாவின்சி ஒய்ஆர்ஜிபி கலர் மேனேஜ்டு’, அவுட்புட் எஸ்டிஆர் ரெக் 709. இல்லை, அந்தக் கிளிப்களில் மட்டும் ‘கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம்’ போடுங்க: உள்ளே ரெக் 2020, காமா ரெக் 2100 எச்எல்ஜி, வெளியே ரெக் 709, காமா 2.4. ரெண்டில் ஒன்று, ரெண்டும் சேர்த்து அல்ல.

25-ஆ 30-ஆ: உங்களுக்கு 30. நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் இங்கே கல்யாணக் கேமராக்காரர்கள் 25 அல்லது 50-இல் எடுக்கிறார்கள், டியூப் லைட் துடிப்பு தெரியாது. போன் 30-இல் எடுக்கும். 30-ஐ 25 டைம்லைனில் போட்டால் ஆறு ஃப்ரேமுக்கு ஒன்று விழும், கேமரா பக்கவாட்டில் திரும்புகிற இடத்தில் தத்தித் தத்தித் தெரியும். உங்களிடம் 90 கிளிப் 30, 12 கிளிப் 25. பெரும்பான்மைக்கு விடுங்க. எல்இடி வாலுக்குப் போகும் லேப்டாப் 60 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 30 அதில் சீராக அடங்கும், 25 அடங்காது. ஆனால் இது மீடியா உள்ளே வருவதற்கு முன்னாலேயே செட் பண்ண வேண்டியது. பிறகு டைம்லைன் ஃப்ரேம் ரேட் பெட்டி சாம்பல் நிறமாகி, மாற்ற முடியாமல் போகும். புது ப்ராஜெக்ட் திறந்துவிடுங்க.

எண்_எட்டு:

ஐபோன் கிளிப் எல்லாம் வேரியபிள் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்பது மாறிக்கொண்டே இருக்கும், வாயும் சத்தமும் விலகும். மொத்தத்தையும் புரோரெஸ் 422 (எடிட்டிங்குக்கான பெரிய ஃபைல் வகை) ஆக்கிவிட்டு எடிட் பண்ணுவதுதான் பாதுகாப்பு.

பழையகேசட்:

கணக்குப் போடுங்க. 90 கிளிப், சராசரி 40 நொடி என்றால் ஒரு மணி நேரம். ஐபோனில் 4கே, 30 எஃப்பிஎஸ் என்றால் ஒரு நிமிடத்துக்கு 170 எம்பி, ஆக 10 ஜிபி. அதே ஒரு மணி நேரம் 4கே புரோரெஸ் 422 என்றால் 265 ஜிபி. 12 நிமிட வீடியோவுக்கு இது தேவையில்லை. கிளிப் சில நொடிதான் உபயோகம் என்றால் சத்தம் விலகுவது காதுக்குத் தெரியாது. மாமா ஒருத்தர் அஞ்சு நிமிடம் மைக் பிடித்து வாழ்த்துகிறார், அந்த மாதிரி நீளப் பேச்சை மட்டும் மீடியாஇன்ஃபோ ஆப்பில் திறந்து பாருங்க. ‘வேரியபிள்’ என்று காட்டி, வாயும் சத்தமும் விலகினால், அந்த ஒன்றை மட்டும் ஹேண்ட்பிரேக் ஆப்பில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ 30 வைத்து மாற்றினால் போதும்.

மாம்பலம்_மாடி:

புடவை திரும்ப அரக்கு ஆயிடுச்சு! அண்ணன் படங்கள் ஆண்ட்ராய்டில், கூகுள் போட்டோஸில் இருக்கு. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லட்டுமா?

கட்_பேஸ்ட்_கோடம்பாக்கம்:

வாட்ஸ்அப் என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்க, 2 ஜிபி வரை ஃபைல் அப்படியே வரும். கேலரி வழியா அனுப்பினால் நசுங்கிவிடும். அண்ணன் போனிலேயே ஃபைல் இருந்தால் அதுதான் முதல் தேர்வு, ஏனென்றால் கூகுளில் ‘ஸ்டோரேஜ் சேவர்’ வைத்திருந்தால் 4கே வீடியோ ஏற்கெனவே 1080 ஆகியிருக்கும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட போட்டோவும் சுருங்கியிருக்கும். கூகுள் டேக்அவுட் வழியா மொத்தமா எடுத்தால் படத்தோடு, அதன் விவரங்கள் அடங்கிய ஜேசன் ஃபைல்களும் வரும். ரிசால்வுக்கு அவை வேண்டாம், ஆனால் தேதி சரிபார்க்க உதவும், தூக்கிப் போடாதீங்க.

அண்ணன் படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்க. அக்கா, அத்தை யாராவது ஐபோன் படம் கொடுத்தாலும் அப்படியே. ஐபோன் பேர் 9999 வரை போய்த் திரும்ப 0001-இல் தொடங்கும். ரெண்டு போனில் ஒரே ஐஎம்ஜி_0412 இருப்பது சகஜம். நாளைக்கு எஸ்எஸ்டி-யை மாற்றி ரீலிங்க் பண்ணும்போது (ஃபைல் இருக்கிற புது இடத்தை ரிசால்வுக்குக் காட்டும்போது) அத்தையின் கோயில் படம் அக்காவின் இடத்தில் வந்து உட்காரும். ஃபைண்டரில் எல்லாவற்றையும் செலக்ட் பண்ணி, ‘ரீநேம்’, ‘ஆட் டெக்ஸ்ட்’, பேருக்கு முன்னால் ‘அத்தை_’ என்று சேர்த்துவிடுங்க. இது ரிசால்வுக்குள் போவதற்கு முன்னால் நடக்கணும்.

தேதி வரிசைப்படி அடுக்கினால் சில கேமரா கிளிப்கள் சரியாக 5:30 மணி நேரம் தள்ளி நிற்கும். வீடியோ ஃபைலில் நேரம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருக்க வேண்டியது. கேமரா நம்ம ஊர் நேரத்தையே யூடிசி என்று எழுதிவிடும். முகூர்த்தத்துக்கு முன்னால் பந்தி வந்தால் பயப்படாதீங்க, கையால் நகர்த்துங்க.

ரிச்சி_தெரு:

கடைசியா, எல்இடி. மண்டபத்து ஆளிடம் வாலின் அகலமும் பிட்ச்சும் கேளுங்க. பி3 என்றால் புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். 12 அடி அகலம் 3,658 மில்லிமீட்டர், மூன்றால் வகுத்தால் சுமார் 1,220 புள்ளி. 4கே கொடுத்துப் பயன் இல்லை. 1080, எச்.264, 20 எம்பிபிஎஸ், எம்பி4. 12 நிமிடம் 1.8 ஜிபி வரும்.

பென்டிரைவ் எக்ஸ்ஃபாட். மேக் அதில் எழுதும்போது உங்கள் வீடியோ பேருக்கு முன்னால் ஒரு புள்ளியும் அடிக்கோடும் சேர்த்து இன்னொரு குட்டி ஃபைலையும் போட்டு வைக்கும். மேக்கில் கண்ணுக்குத் தெரியாது, அவர்கள் விண்டோஸ் லேப்டாப்பில் தெரியும். ஆபரேட்டர் அதைக் கிளிக் பண்ணிவிட்டு ‘சார், ஃபைல் கரப்ட்’ என்பார். 4 கேபி-தான் இருக்கும், சைஸைப் பார்த்துப் பெரியதைப் போடச் சொல்லுங்க.