‘கேட்ச்’ என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன்

குளச்சலில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று ‘கேட்ச்’ என்ற வினைச்சொல். மீன், பந்து, பஸ் வரை நம் ‘பிடி’ கூடவே வந்தது, சளியில் நின்றுவிட்டது. தமிழில் சளிதான் நம்மைப் பிடிக்கிறது, ஆங்கிலத்திலோ நாம் சளியைப் பிடிக்கிறோம்! “அதை எதற்கு சார் பிடிக்க வேண்டும்?” என்று கரைமடி (கரையில் நின்று இழுக்கும் மீன்வலை) இழுக்கும் வீட்டுப் பையன் கேட்டான். நியாயமான கேள்வி.

அகராதியைப் புரட்டினேன். லத்தீனின் ‘காப்தாரே’ வடபிரெஞ்சு வழியாக ‘கேட்ச்’ ஆகவும், பிரான்சின் நடுப்பகுதி வழக்கின் வழியாகத் துரத்துவதைக் குறிக்கும் ‘சேஸ்’ ஆகவும் ஆங்கிலத்துக்குள் வந்ததாம். ‘கேட்ச்’சுக்கும் தொடக்கத்தில் துரத்துவதே பொருள்.

இப்படி ஒரே வேரில் இரட்டையாகப் பிறந்த வேறு ஆங்கில வினைகள் தெரிந்தால் எழுதுங்கள். சளிக் கேள்விக்கும் எளிய விளக்கம் வேண்டும். திங்கட்கிழமை அந்தப் பையன் விடமாட்டான்.