ஸ்டாஃப் ரூமுக்கு வந்த எம்.எல்.சி.

எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் சந்தித்த அனுபவங்களை இங்கே பலரும் எழுதிவிட்டீர்கள். நான் ஒரு எம்.எல்.சி.யைப் பற்றி, அதாவது மாநிலச் சட்டசபைக்கு மேலே உள்ள இரண்டாவது சபையான மேலவையின் உறுப்பினரைப் பற்றி எழுதுகிறேன். ஆந்திராவில் நகரி பக்கம் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்களைப் போன்றவர்களுக்கு மேலவைத் தேர்தலில் இரண்டு ஓட்டு. பட்டதாரி தொகுதிக்கு ஒன்று, ஆசிரியர் தொகுதிக்கு ஒன்று. இரண்டில் எதில் ஜெயித்தவர் என்று சொன்னால் பெயர் தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் 1986 நவம்பர் 1 அன்றே மேலவை போய்விட்டதால், இளையவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். அங்கே கடைசியாகத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் ம.பொ.சி. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்குப் பின்னால் அவருடைய வடக்கெல்லைப் போராட்டம் உண்டு. சித்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே தங்கிவிட்டாலும் எங்கள் பெரியவர்கள் அவர் பேரை மரியாதையோடுதான் சொல்வார்கள். ஆந்திராவில் மேலவை 1958-ல் வந்தது. 1985-ல் என்.டி.ராமராவ் ஆட்சியில் கலைந்தது. 2007-ல் ராஜசேகர ரெட்டி ஆட்சியில் திரும்பவும் வந்தது. இப்போது மொத்தம் 58 பேர். அதில் ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பது 5 பேரை, பட்டதாரிகள் 5 பேரை.

எங்கள் தொகுதி பிரகாசம், நெல்லூர், சித்தூர் என்று பழைய மூன்று மாவட்டங்களும் சேர்ந்தது. குப்பத்திலிருந்து ஓங்கோலையும் தாண்டிப் போகும். ஆசிரியர் தொகுதியில் உயர்நிலைப் பள்ளியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கிடையாது. அது நியாயமே இல்லை என்பது என் கருத்து. சீட்டில் முத்திரை குத்துவதில்லை. அவர்கள் கொடுக்கும் ஊதா ஸ்கெட்ச் பேனாவால் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும். வேறு பேனாவால் எழுதினாலோ டிக் அடித்தாலோ செல்லாது. முதல் சுற்றில் யாருக்கும் போதிய ஓட்டு இல்லையென்றால் கடைசி ஆளை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் இருக்கும் இரண்டாம் விருப்பத்தை எண்ணுவார்கள். சட்டசபைத் தேர்தலில் தமிழ் வாத்தியார்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இங்கே இரண்டாம் விருப்பத்துக்காகவாவது எங்களிடம் வந்தே ஆக வேண்டும்.

அப்படித்தான் இவரும் மதிய இடைவேளையில் வந்தார். தாய்மொழி தெலுங்கு, ஆனால் புத்தூர்ப் பக்கத் தமிழ் நன்றாகவே பேசுவார். துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு கும்பிட்டுப் போகிற ரகம் இல்லை. மேஜை மேல் கிடந்த எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்தார். அது ஜெராக்ஸ் எடுத்து நூலால் தைத்தது. தமிழ் வழிப் புத்தகம் பள்ளி திறந்து வெகுநாள் கழித்துத்தான் வரும், அதுவரை அதுதான் எங்களுக்குப் புத்தகம். வடிவியல் பாடத்தில் படமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதில் கோணத்தை எப்படி சார் பிள்ளைகள் படிப்பார்கள் என்று கேட்டார். எந்தெந்த வகுப்புக்கு எத்தனை புத்தகம் பாக்கி என்று சட்டைப் பை டைரியில் எழுதிக்கொண்டார்.

ஓட்டு கேட்க வந்தவர் குறித்துக்கொண்டது பெரிய விஷயம் இல்லைதான். ஜெயித்த பிறகு ஒருநாள் அவரே போன் செய்து, "எட்டாவது கணக்கு வந்துச்சா சார்?" என்றாரே, அதை மறக்க முடியவில்லை. அடுத்த வருஷம் புத்தகம் ஓரளவு முன்னாலேயே வந்தது. அவரால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் விடாமல் கேட்ட ஒரே ஆள் அவர். சமூக அறிவியலுக்கு தமிழ் வழி ஆசிரியர் கேட்டிருந்தோம். அது கடைசிவரை நடக்கவில்லை. சபையில் கேள்வி என்று போய்விட்டால் அதிகாரி பதில் தயார் செய்தே ஆக வேண்டும், கேட்காவிட்டால் ஃபைல் நகராது என்று அவர் சொல்வார். சங்கக் கூட்டங்களுக்கு வந்தாலும் மேடையைவிடக் கீழே இளம் ஆசிரியர்களோடு உட்கார்ந்து, 2004-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்ற கவலையைக் கேட்டபடிதான் இருப்பார்.

2020 ஜனவரியில் ஆந்திராவுக்கு மூன்று தலைநகர் அமைப்பதற்கான மசோதாக்களை மேலவை உடனே நிறைவேற்றாமல், ஆராய்வதற்காகத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியதும், மேலவையே வேண்டாம் என்று சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை. செலவு தண்டம் என்று சிலர், தோற்றவர்களுக்கு இடம் கொடுக்கும் மடம் என்று சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அது போனால் எங்கள் ஜெராக்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? 2021 நவம்பரில் அந்தத் தீர்மானத்தை வாபஸ் வாங்கியபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

சத்தியவேடு, குப்பம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உங்கள் பள்ளிக்கு வந்த எம்.எல்.சி.க்களைப் பற்றி எழுதுங்கள். 1985-க்கு முந்தைய மேலவைத் தேர்தலில் ஓட்டுப் போட்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள், அந்தக் காலத்தைப் பற்றி எங்கள் பக்கம் சொல்ல ஆளில்லை.