புதுப்பிப்பு: பீப்பாவில் டிராகன் பழம், மீன் பெட்டியில் சிறகவரை

போன வருடம் கச்சான் காற்று நேரம் இங்கே கேட்டிருந்தேன்: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு வெறும் மணல், பாதியாய் அறுத்த பிளாஸ்டிக் பீப்பாவில் டிராகன் பழமும், மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரை பிளாஸ்டிக்) பெட்டியில் சிறகவரையும் வருமா என்று. இரண்டும் வந்துவிட்டன.

சிறகவரை ஆனி, ஆடி முழுக்க இலைதான் தள்ளியது. "உரம் போடு" என்றார்கள் பலர். விஷயம் உரமில்லை, பகல் குறுகினால்தான் அது பூக்கும். மாரியோடு நீலப் பூ, அப்புறம் காய். பிஞ்சிலேயே பறித்துத் தேங்காய்ப்பூ போட்டு வறை வைத்தோம். முற்றினால் ஒரே நார். இலையும் பூவும்கூடக் கறிக்கு ஆகும்.

டிராகன் பூ இரவில் விரிந்து காலையில் வாடிவிடும். சில இனங்கள் தன் மகரந்தத்தில் காய்க்காது. பக்கத்து வீட்டு அக்காவிடம் வேறு இனம் இருந்ததால், டோர்ச் வெளிச்சத்தில் தூரிகையால் மகரந்தம் தொட்டு வைத்தோம் (நுளம்புக் கடி வேறு!). பூத்து ஒரு மாதம் அளவில் பழம் சிவந்தது.

கிணற்றுத் தண்ணீரின் உப்பு மண்ணில் தங்கிவிடும் என்று ஒருவர் எச்சரித்திருந்தார், சரிதான். அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றினால்தான் உப்பு மண்ணில் தங்காது. ரெஜிபோம் மட்டும் வேண்டாம், வெயிலில் பொடிந்து வளவெல்லாம் பறக்கிறது. அடுத்த சிறகவரை உரப்பையில்தான்.

டிராகன் தண்டு வேண்டுமானால் கேளுங்கள். வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்து நடுங்கள், இல்லாவிட்டால் அழுகும்.