சித்தி அடையாளம் கண்ட படம்

எங்கள் சித்தி மகன் குவைத்தில் ஏசி மெக்கானிக். எனக்குத் தம்பி முறை. ராத்திரி பதினொன்றரைக்கு ஈத்தாமொழியில் நான் கண்ணில் மாட்டுகிற விஆர் ஹெட்செட்டை மாட்டினால் அங்கே அவனுக்கு ஒன்பது மணி. சாப்பாடு முடித்து அறைக்கு வந்திருப்பான். விஆர்சாட் என்று ஒன்று, ஆளுக்கொரு பொம்மை உருவத்தில் நின்று பேசிக்கொள்கிற மெய்நிகர் உலகம். அதில் யாரோ செய்து வைத்திருக்கிற ஒரு கடற்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். வீடியோ காலில் ஐந்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடும். இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருப்பதால் பேசாமலும் இருக்கலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஒரு நாள் அவன்தான் கேட்டான்: "அண்ணே, நாம சேர்ந்து நிக்க மாதிரி ஒரு படம்கூட இல்லியே?"

மெனுவில் கேமராவை எடுத்தால் சின்னத் திரையோடு கைக்கு வந்துவிடும். விட்டுவிட்டால் விழாது, விட்ட இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் நாமும் சேர்ந்து நிற்கலாம். அன்றைக்கு அங்கே அடிக்கடி வரும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் இருந்தார். அவர் பூனை உருவம், தம்பி தகர ரோபோ, நான் வேட்டி கட்டிய ஆள். மூன்று பேருமாக நின்றோம். தம்பியும் அவன் கேமராவில் ஒன்று எடுத்தான்.

மறுநாள் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவன் படத்தில் நான் இல்லை. என் இடத்தில் முன்பின் பார்த்திராத ஒரு பொம்மை நிற்கிறது! காரணம் பிறகுதான் புரிந்தது. எடுக்கிறவருடைய கருவியில் எது தெரிகிறதோ அதுதான் படமாகும். நான் கணினியோடு இணைத்து ஆடுகிறேன், அவனிடம் இருப்பது கணினி இல்லாமலே ஓடுகிற தனி ஹெட்செட். என் அவதாரை, அதாவது அந்த வேட்டி கட்டிய உருவத்தை, அந்தத் தனி ஹெட்செட்டுக்கு ஏற்ற மாதிரி நான் செய்து ஏற்றவில்லை. அப்படி இல்லாவிட்டால் அதற்குப் பதில் வேறொரு பொம்மையைக் காட்டிவிடும். அதனால் இத்தனை மாதமும் அவன் அந்த மாற்றுப் பொம்மையிடம்தான் ஊர்க்கதை பேசியிருக்கிறான். மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த வாரமே உட்கார்ந்து எளிய வடிவம் ஒன்று செய்து ஏற்றினேன்.

என் படம் கணினியின் பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் விஆர்சாட் என்ற ஃபோல்டரில் இருந்தது. சித்திக்குக் கொடுக்கலாமே என்று நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவில் 6க்கு 4 அளவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் ஓரத்தில் நின்ற பூனையைக் காணோம், வால் மட்டும் இருக்கிறது. படம் 1920க்கு 1080, அகலம் அதிகம். 6க்கு 4 தாளுக்குள் அடங்க இரண்டு பக்கமும் 150 பிக்சல் வெட்டுப்பட்டிருக்கிறது. பிரிண்ட் போடுகிற எண்ணம் இருந்தால் ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்துங்கள். கேமரா அமைப்பில் 4கே வைத்துவிட்டால் பெரிய அளவிலும் தெளிவாக வரும்.

சித்திக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் படத்தைக் கையில் கொடுத்து, "இதுல ஒருத்தன் உங்க மகன்" என்றேன். கண்ணாடியை மாட்டினார். ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

"இந்தத் தகரப் பெட்டிதான மக்களே? கழுத்தச் சாச்சிட்டு நிக்கான் பாரு. எம்பிள்ளல்லா."

சின்ன வயதில் இடது காதில் சீழ் வைத்து அவனுக்கு அந்தப் பக்கம் கேட்பது குறைந்துபோனது. யார் பேசினாலும் வலது காதை அந்தப் பக்கம் கொடுத்துத் தலையைச் சாய்ப்பான். விஆர்சாட்டிலும் குரல் வருகிற திசை காதுக்குத் தெரியும், அதனால் அங்கேயும் அதே பழக்கம். ஹெட்செட் அளப்பது தலையை, கன்ட்ரோலர்கள் அளப்பது கைகளை. காலும் இடுப்பும் கணக்குப் போட்டு வரைவது. முகம் அவனுடையது இல்லை, உயரம் அவனுடையது இல்லை. அந்தச் சாய்வு மட்டும் அவனே. இத்தனை நாள் பக்கத்தில் இருந்தும் நான் கவனிக்கவில்லை, அம்மா ஒரு பார்வையில் பிடித்துவிட்டார்.

*

தக்கலையிலிருந்து ஒரு வாசகர்:

அண்ணே, படித்துவிட்டு என் அம்மாவிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என் அனுபவம் வேறு மாதிரி. விஆர்சாட்டில் ஒரு அமைதியான வேர்ல்டில் (உங்கள் கடற்கரை மாதிரி ஒரு இடம்) கண்ணாடி முன்னால் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் அழகாக விழுந்தது என்று பறக்கும் கேமராவை விட்டு எடுத்துவிட்டேன். அவர் திரும்பி, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்றார். அழுதுகொண்டிருந்திருக்கிறார், குரலில்தான் தெரிந்தது. பொம்மைதானே என்று நினைத்தது என் தப்பு. அவர் முன்னாலேயே அழித்தேன். இப்போது கேட்காமல் எடுப்பதில்லை. வெளியே பகிர்வதற்கு இன்னொரு தடவை கேட்கிறேன்.

*

ஈத்தாமொழியிலிருந்து மறுபடி:

தம்பி, நீ சொன்னதைப் படித்ததும்தான் உறைத்தது. பிரிண்ட் போடப் போகிறேன் என்று நானும் அந்த யாழ்ப்பாண நண்பரிடம் கேட்கவில்லை. நேற்று பார்த்தபோது சொன்னேன். சித்தி அந்த ஓரத்து வாலைக் காட்டி, "இது யாரு, பாதி ஆளு நிக்காரே" என்று கேட்டதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம், "அம்மாவுக்கெண்டால் திரும்ப எடுங்கோ. இந்த முறை நான் நடுவில நிக்கிறன்" என்றார்.